காயில் கீறல் விழக்கூடாது

பூசணிக்கொடிக்குச் சாயங்காலத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, தம்பி. இலையில் பூஞ்சை பிடித்துவிடும். இது தெரியாமல் எங்கள் ஒஹாயோப் பக்கம் எத்தனையோ பேர் நல்ல கொடியைச் சாகடித்திருக்கிறார்கள். என் கையில் ஒரு கொடியும் செத்ததில்லை. காபியைக் குடித்துக்கொண்டே எழுதிக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் என்றால் ஆறின காபிதான் குடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

என் வீட்டுக்காரர் எல்வுட் வளர்த்தது குழம்புக்குப் போடுகிற பூசணி இல்லை. சந்தையில் எடை போட்டுப் பரிசு தருகிறார்களே, அந்த ராட்சதப் பூசணி. அதற்கு ஒரு கொடியில் ஒரே காயைத்தான் விடுவார்கள். மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கைப்பிடி அளவு வரும்போதே கிள்ளி எறிந்துவிட வேண்டும். கொடி குடிக்கிறது அத்தனையும் அந்த ஒன்றுக்கே போக வேண்டும். எல்வுட் வாழ்ந்ததும் அப்படித்தான். சிநேகிதர்களைக் கிள்ளினார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலைக் கிள்ளினார். எங்கள் மகளின் கல்யாணம் பூ மலர்கிற வாரத்தில் வந்து சேர்ந்தது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ, விடியும்போது ஆள் தோட்டத்தில் நின்றாக வேண்டும்.

"அவளுக்கு மாப்பிள்ளை இருக்கான். இந்தப் பூவுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். நான் மட்டும் போய்ப் பெண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன இருந்தாலும் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர்.

ஒவ்வொரு பரிசும் வாங்கின கையோடு, "அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசு" என்பார். அது ஒரு வியாதி. எனக்கு அந்த வியாதி கிடையாது. முதல் தடவை பரிசுப் பணம் வந்தபோது சமையலறையை மட்டும் மாற்றுங்கள் என்றேன். சமையலறை பளபளவென்று ஆனதும் கூடம் தரித்திரமாகத் தெரிந்தது, அதை மாற்றினோம். பிறகு ஏரிக்கரையில் சின்னதாக ஒரு வீடு. ஏரி எதிரிலேயே இருக்கும்போது படகு இல்லாமல் எப்படி? படகு வந்தபின் அதைக் கட்டிவைக்கத் துறை இல்லாமல் எப்படி? அந்தப் படகுத்துறை ஒன்று வந்துவிட்டால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இந்த வசந்தத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவள் நான்.

இந்த வருஷக் காய் எங்கள் பழைய காரைவிடப் பெரிது. சந்தைக்கு முந்தின நாள் காலை, மூன்று கால் இரும்புச் சட்டத்தை மேலே நிறுத்தி, பட்டை கட்டி அதைத் தூக்கினோம். அடிப்பக்கம் அழுகியிருக்கிறதா, ஓட்டை கீட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன ஓட்டை இருந்தாலும் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். எல்வுட் அடியில் தவழ்ந்து போனார். பட்டை அறுந்தது. அதை நான் தொடவில்லை, தம்பி. உங்கள் பெரிய அதிகாரி அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்க வேண்டியது அது இல்லை.

இடுப்பிலிருந்து நெஞ்சுவரை காய் உட்கார்ந்திருந்தது. தலையும் கைகளும் வெளியே.

"ஓபல், கொட்டகையில கோடாலி இருக்கு. கொண்டுவந்து பொளந்துடு."

"எதை?"

"என்னையா பொளக்கச் சொல்றேன்? காயைத்தான்டி!"

"நாளைக்கு எடை போடணுமே, எல்வுட்."

"என் நெஞ்சுமேலயே எடை போட்டுப் பாத்துட்டேன். நிச்சயம் ஜெயிக்கும்."

"ஜெயிக்கும்னு உங்க வாயாலயே சொல்றீங்க. அதைப் போயி உடைப்பாங்களா?"

அவர் மனம் நோகக்கூடாதே என்று கோடாலியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்துப் பண்ணை மெர்லுக்குப் போன் போட்டேன். அவரிடம் டிராக்டர் இருக்கிறது.

"அவசரமா ஓபல்? இப்பதான் சாப்பிட உக்காந்தேன்."

"அவசரம்னு இல்ல மெர்ல், சாப்பிட்டே வாங்க. பட்டை மட்டும் புதுசா இருக்கட்டும். காயில கீறல் விழக்கூடாது."

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். அவர்கள் வந்தால் முதல் வேலையாக உடைப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதே அப்படித்தான்.

வெயில் ஏறியது. சூடு பட்டால் தோல் வெடித்துவிடும். அதனால் படுக்கை விரிப்பை நனைத்துக் காயின்மேல் போர்த்தினேன். அவர் முகத்துக்கும் தொப்பியை வைத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

மெர்ல் வந்து, அடியில் ஆள் கிடக்கிறதைப் பார்த்துக் கத்தினார். "அடிப்பாவி, இதைச் சொல்ல வேணாமா?" ஆனாலும் பூவைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். அதற்குள் எல்வுட் போய்விட்டார். காயில் ஒரு கீறல் இல்லை. அடக்கம் செவ்வாய்க்கிழமைதானே என்று மறுநாள் சந்தைக்குக் கொண்டுபோனேன். முதல் பரிசு. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும். உடனே உடைத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னது சரிதான். அது எனக்கு அப்போதே தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? மெர்லுடைய டிராக்டர் சத்தம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓபல், எனக்குப் பரிசு வேணாம். இவ்வளவு நாள் வாங்கினது போதும். உடைச்சிடு, நாம மக வீட்டுக்குப் போயி அவ பிள்ளைங்களைப் பாக்கலாம்" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது, தம்பி. காய் விழுந்ததில் தலையிலும் அடிபட்டிருக்க வேண்டும். சுயநினைவு இருந்தால் என் எல்வுட் அப்படிப் பேசுகிறவரா?