விழுங்கக் கற்றுக்கொடுத்த டாக்டர் தாணுலிங்கம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் பிச்சையா அண்ணாச்சி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் கமிட்டி அங்கத்தினர்களே! நாற்காலி கிடைத்த கனவான்களே! நாற்காலி கிடைக்காமல் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் உப்பளத்துச் சகோதரிகளே, தோணித்துறைச் சகோதரர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் கிளாடிஸ். நம் தர்ம ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். யுத்தம் முடிந்து டாக்டர் தாணுலிங்கம் அவர்கள் பர்மா முனையிலிருந்து இந்தத் தூத்துக்குடிக்கு வந்த நாள் முதல், கண் மூடிய நாள் வரை அவரோடு வேலை பார்த்தவள்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரைக் கருணைக் கடல் என்றார்கள். பொறுமையின் சிகரம் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை! எங்கள் டாக்டருக்குப் பொறுமை கிடையாது. கத்துவார். நர்ஸுகளை ஏசுவார், கமிட்டியை ஏசுவார், பார்க்க வந்த உறவுக்காரர்களை வாசலோடு விரட்டுவார். நோயாளியிடம் மட்டும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ராணுவ ஆஸ்பத்திரியில் கழுத்தில் குண்டுச் சில்லு பாய்ந்த சிப்பாய்களை அவர் பார்த்தார். காயம் ஆறிவிடும். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள். புரையேறும். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும், காய்ச்சல் வரும், போய்விடுவார்கள். "குண்டுக்குப் பிழைச்சவன் தண்ணிக்குச் செத்தாம்மா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

பெரியோர்களே! உங்கள் தொண்டைக் குழிக்கு மேலே இருக்கும் மேட்டில் இரண்டு விரல் வையுங்கள். எச்சிலை விழுங்குங்கள். மேடு ஏறி இறங்குகிறதா? அந்த ஒரு நொடியில் நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது. உள்நாக்கு மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேறி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. இத்தனை தசைகளும் முறை தவறாமல் வேலை செய்தால்தான் நீங்கள் குடித்த காப்பி வயிற்றுக்குப் போகும். இது டாக்டர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். வாதம் அடித்தவனுக்கு, டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் கண்டவனுக்கு, இந்த முறைதான் கெட்டுப்போகிறது. பசி இருக்கிறது, உணவு இருக்கிறது, விழுங்க வழியில்லை. நாம் என்ன செய்கிறோம்? இனி ஆகாது என்று பால் ஊற்றுகிறோம்!

தோணித் தண்டல் மாடக்கண்ணுவை உங்களுக்குத் தெரியும். கொழும்புக்குத் தோணி நடத்தியவர். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தால் மூக்கில் வந்தது. உறவுக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மனைவி இசக்கியம்மாள் அழுதுகொண்டே டம்ளரோடு வந்தார்.

"ஏளா இசக்கியம்மா! அந்தப் பாலை அங்கன வையி! உம் புருசன் சாகக் கெடக்கல. முழுங்குத வித்தை மறந்துபோச்சு, அவ்வளவுதான். சொல்லிக் குடுப்போம்."

"மறந்ததை எப்பிடி அய்யா சொல்லிக் குடுப்பிய?"

"நீ எட்ட நின்னு பாரு."

மாடக்கண்ணுவை நிமிர்த்தி உட்காரவைத்தார். கேப்பைக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சச் சொன்னார். தண்ணீர் தொண்டையில் நிற்காமல் ஓடிவிடும். கூழ் மெல்ல இறங்கும், தசைக்கு அவகாசம் கிடைக்கும் என்பார். விழுந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, நல்ல பக்கத்தின் வழியே கூழை இறக்கினார்.

"மாடக்கண்ணு, தலையக் குனிஞ்சு நாடியை நெஞ்சுல முட்டு. ம்... இப்ப முழுங்கு. இன்னொரு தடவ முழுங்கு. பேசு பார்ப்போம். குரல் நனைஞ்சு கேக்கு, இன்னும் தொண்டையில கெடக்கு. இருமு!"

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். கோடை முழுவதும் இதே வேலை. புரட்டாசி வருமுன் மாடக்கண்ணு சோறு தின்றார். இதோ, வெளியே நிற்கிறார். அவருக்கு நாற்காலி இல்லை.

அடுத்து நம் தலைவருடைய தாயார் பகவதி அம்மாள் அதே வாதத்தில் விழுந்தார்கள். அண்ணாச்சி வெள்ளி டம்ளரில் பாலோடு குனிந்தபோது டாக்டர் அதைத் தட்டிவிட்டார். ஆம், எல்லோரும் பார்க்கத் தட்டிவிட்டார். பதமாகச் சொல்லியிருக்கலாம், அது அவருக்கு வராது. ஆனால் அந்தத் தாயார் பிழைத்தார்களா இல்லையா? மறு பொங்கலுக்குத் தன் கையாலேயே பொங்கல் எடுத்துச் சாப்பிட்டார்களா இல்லையா? தாயார் பிழைத்தது மறந்துவிட்டது. டம்ளர் உருண்டது மறக்கவில்லை!

சுதந்திரம் வந்த வருஷம், டாக்டர் விழுங்கும் பயிற்சி கொடுத்த அறையைக் கமிட்டி எடுத்துக்கொண்டது. என்ன காரணம்? "ஒரு ஆளுக்குக் கூழ் ஊட்ட ஒரு நர்ஸ், ஒரு மணி நேரமா? இது ஆஸ்பத்திரியா, சத்திரமா?" என்று கேட்டார்கள். இன்று அங்கே கமிட்டிக் கூட்டம் நடக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. டாக்டர் நோயாளிகளைச் சமையற்கட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். கரிப்புகையில் அவர்களுக்கு இருமல் வந்தது. மூன்று முறை கேட்டார், ஒரு தட்டி வைத்து மறைக்கக்கூட ஆள் வரவில்லை.

போன மாதம் அந்தத் தாழ்வாரத்திலேயே அவர் விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சுக் குழறியது, புத்தி தெளிவாக இருந்தது. நான் கூழ் எடுத்துப் போனபோது தானாகவே நாடியை நெஞ்சில் முட்டினார். எத்தனையோ பேருக்குச் சொன்னதைத் தனக்குச் செய்துகொண்டார். சில நாளில் கால் கிண்ணம் இறங்கியது. ஒரு நாள் ஏதோ முனகினார். குனிந்து கேட்டேன். "உப்பு பத்தல" என்றார். நான் சிரித்தேன். அவரும் பாதி வாயால் சிரித்தார். பிழைத்துவிடுவார் என்று நம்பினேன்.

"வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்" என்று அட்டையில் எழுதி அவர் படுத்திருந்த வார்டின் கதவில் மாட்டியிருந்தேன். பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், அபசகுனமாக இருக்கிறது என்று கமிட்டி ஆட்கள் கழற்றிவிட்டார்கள்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். அண்ணாச்சி பழையதை எல்லாம் மன்னித்துவிட்டு வந்தார்களாம். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நான் அடுத்த வார்டிலிருந்து ஓடிவந்தேன். ஆட்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். டாக்டரைத் தலையணையில் மல்லாக்கச் சாய்த்திருந்தார்கள். அவருடைய நல்ல கையை அண்ணாச்சி பாசமாகப் பிடித்திருந்தார்கள். மறு கையில் பால்.

டாக்டர் தலையை ஆட்டினார். முகத்தைத் திருப்பினார். பல்லைக் கடித்தார்.

"கூச்சப்படுதாரு, தெம்புக்கு நல்லது, நீங்க குடுங்க அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

"ஊத்தாதிய! ஊத்தாதிய!" என்று கத்தினேன். "ஏளா, சும்மா இரு, பெரியவுக நிக்காக" என்று ஒரு கை என்னைத் தடுத்தது.

ஊற்றிவிட்டார்கள்.

அவர் முகம் நீலமாகிப் போனதைப் பார்த்தேன். இருமப் பார்த்தார், பலம் போதவில்லை. அன்று மாலையே காய்ச்சல். நெஞ்சில் சளி. அதன் பிறகு நான் ஊட்டிய எதுவும் இறங்கவில்லை. அந்த வாரம் முடியுமுன் டாக்டர் தாணுலிங்கம் போய்விட்டார். "அமைதியாக இயற்கை எய்தினார்" என்று நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். அமைதியாகவா? இயற்கையா?

என்னை உட்காரச் சொல்கிறார் முன்வரிசையில் ஒருவர். உட்காருகிறேன் அய்யா, முடிக்கப் போகிறேன். நான் யாரையும் கொலைகாரர் என்று சொல்லவில்லை. தலைவர் அவர்களே, நீங்கள் அன்பாகத்தான் வந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டியதைப் பார்த்தீர்களே! தொண்டையைப் பற்றி இந்த ஊரில் அவரைவிட அறிந்தவர் யார்? அவர் தொண்டைக்கு எது ஆகாது என்பதைக்கூட அவர் சொல்லி நாம் கேட்கவில்லையே! இதைவிடக் கசப்பு வேறென்ன இருக்கிறது?

கமிட்டி அறையில் அவர் படத்தைத் திறந்துவைக்கத் தீர்மானம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். திறந்துவையுங்கள். மாலையும் போடுங்கள். நானும் நர்ஸ் ஜெயசெல்வியும் வேறொரு தீர்மானம் செய்திருக்கிறோம். மில்லர்புரத்தில் என் வீட்டு முன்னறையைக் காலி செய்துவிட்டோம். வாதத்தில் விழுந்தவர், தொண்டை அடைப்பானில் தப்பியவர், புரையேறுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே கொண்டுவாருங்கள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் இருப்போம். டாக்டர் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு கரண்டியாக ஊட்டுவோம். வீட்டில் ஊட்டும் முறையை உங்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சொல்லித்தருவோம். இதற்குக் கமிட்டியின் அனுமதி வேண்டியதில்லை. இது அவர் மேல் ஆணையாக நாங்கள் எடுக்கும் உறுதி.

பெரியதாழையிலிருந்து சொரிமுத்து என்பவரை இன்று காலை மாட்டுவண்டியில் என் வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். விழுங்க முடியாமல் மூன்று நாளாகப் பட்டினி. அடுப்பில் கூழ் கொதிக்கும்போது ஜெயசெல்வியிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன், இப்போது பதமாகியிருக்கும். நன்றியுரைக்கு நான் இருக்க முடியாது, மன்னியுங்கள். வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள்.