தாலெத்தின் மூலை

என் கையெழுத்து அழகாக இருக்கும். நானாகச் சொல்லவில்லை, எங்கள் யூதர் தெருவில் மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மாமியார். அவருக்கு என்னிடம் வேறெதுவும் பிடித்ததில்லை.

ஆகவே ஐயா, நீதிபதிகள் மூவரும் உட்கார்ந்து, "துராண், நடந்ததை மறுபடி சொல்லு" என்று கேட்டால் தொழிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் நம் வேதகுரு ரப்பி மெஷுல்லாமின் எழுத்தன். அவர் சொல்லச் சொல்ல மெழுகுப் பலகையில் கீறிக்கொள்வேன். பிறகு தோலில் நல்ல மையால் எழுதிவிட்டு, பலகையைத் தேய்த்துச் சமமாக்கிவிடுவேன். ஒன்பது வருடம். ஒரு பிழை வந்ததில்லை.

ரப்பி தத்துவம் கற்பித்தார். மலைக்கு அப்பால் இருக்கும் பெரியவர்கள் அதைத் தடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயது ஆகாதவன் கிரேக்கர் நூல்களைத் தொடக் கூடாதாம். அதற்கு மேல் தொட்டால் எப்படியும் புரியாது என்ற நம்பிக்கையாக இருக்கும். எனக்கு முப்பது. எனவே எனக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

என் மனைவி துல்சா பிரசவத்தில் போய்விட்டாள். அதன் பிறகு நான் தினமும் கடவுளிடம் அவளைப் பற்றிப் பேசிவந்தேன். வேண்டுதல் என்று எதுவும் இல்லை. அவளுக்குக் குளிர் ஆகாது, அந்த இடம் ஈரம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இப்படி. மூன்று வருடம் பேசினேன். ஒரு நாள் பாடத்தில், இறைவன் செவிசாய்த்தார் என்று வேதம் சொல்லும் இடம் வந்தது.

"காதுன்னா காது இல்லடா," என்றார் ரப்பி. "உடம்பே இல்லாதவருக்குக் காது எங்க முளைக்கும்? எல்லாம் உவமை."

பின்வரிசையில் தையல்காரர் விதால். "அப்போ நான் காலையில எந்திரிச்சு கத்துறதெல்லாம், ரப்பி?"

"உன் பொண்டாட்டி முழிச்சுக்க உதவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கேட்டேன்: "செத்தவங்க, ரப்பி? அவங்க கேப்பாங்களா?"

"மண்ணுக்கு ஏதுடா காது."

அன்று மாலைத் தொழுகையில் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறோம், சத்தம் வரவே இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மறுநாளும் அப்படியே. பலகையில் வரி கோணத் தொடங்கியது. எழுத்தனுக்கு அது நல்லதல்ல. ரப்பி வாயை மூடினால், நான் பேசுவதைக் கேட்பவர் எனக்கு மறுபடி கிடைப்பார் என்று பட்டது. இந்த மாதிரி யோசிக்கவும் அவரிடம்தான் கற்றேன்.

அப்போதுதான் பெரியவர்களின் சபைக்குத் தன் தரப்பை விளக்கி ரப்பி ஒரு கடிதம் சொன்னார். அதில் ஒரு வரி: "நாங்கள் வணங்கும் இறைவன் ஒருவன்." உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் எபிரேய எழுத்தில் 'ஒருவன்', 'வேறொருவன்' இரண்டுக்கும் கடைசி எழுத்தில் மட்டுமே வித்தியாசம்: முன்னதில் தாலெத், பின்னதில் ரேஷ். தாலெத்துக்கு மேலே ஒரு மூலை உண்டு. ரேஷுக்கு அந்த இடம் வளைந்திருக்கும். சின்ன வயதில் அடிவாங்கிக் கற்ற பாடம்.

நான் தாலெத்தைத்தான் எழுதினேன். ரப்பி படித்தார், கையெழுத்திட்டார். முத்திரை வைக்கும் முன், கத்தி நுனியால் அந்த மூலையில் அரைக் கடுகு அளவு மையைச் சுரண்டினேன். நாங்கள் வணங்கும் இறைவன் வேறொருவன்.

ஒன்றைக் கவனியுங்கள். நான் எதையும் எழுதவில்லை.

சபையார் எங்கள் ஊருக்கே வந்து, கடிதத்தைத் தொழுகைக்கூடத்தில் உரக்கப் படித்தார்கள். ரப்பி முதலில் சிரித்தார். "ஐயாமாரே, ஒரு மூலைக்காகவா என்னைத் தெருவுல நிறுத்துறீங்க? வேற சாமி கும்புடுறவன் கையெழுத்துப் போட்டா அனுப்புவான்?"

"தத்துவம் படிச்சவன் அனுப்புவான்," என்றது ஒரு குரல்.

என்னைக் கேட்டார்கள். "நான் ஒரு எழுத்துக்கூட சேக்கலைங்க," என்றேன். அது உண்மை. ரப்பி திரும்பி என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை.

கொம்பு ஊதி, மெழுகுவர்த்திகளை அணைத்து, விலக்கு அறிவித்தார்கள். யாரும் அவரை நாலு முழத்துக்குள் நெருங்கக் கூடாது. ரொட்டி விற்கக் கூடாது. கதவு திறக்கக் கூடாது. நல்ல பனிக்காலம்.

எட்டாம் நாள் என் வாசலுக்கு வந்தார். கதவுக்கு வெளியே இருமல்.

"துராண், உன் கத்தி நல்ல கூருடா. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பொய்ச்சாட்சின்னு உன் நாக்கை அறுத்துருவாங்க. கடலைக்கஞ்சி வாசம் வருது. கொஞ்சம் வெளிய வெச்சிட்டுப் போ. நாலு முழம் தள்ளியே நிக்கிறேன்."

அடுப்பில் கஞ்சி இருந்தது. ஆனால் விலக்கு என்றால் விலக்கு. நான் சட்டத்தை மீறுகிறவன் அல்ல. மூன்று நாள் வந்தார், மூன்று நாளும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான்காம் நாள், ஊர் ரொட்டி அடுப்பின் பின்சுவரில், சூடான இடத்தில் முதுகை ஒட்டிவைத்தபடி விறைத்துக் கிடந்தார்.

விலக்கில் செத்தவனின் சவப்பெட்டிமேல், கல்லெறிந்ததற்கு அடையாளமாக, ஒரு கல் வைப்பது வழக்கம். யாரும் முன்வரவில்லை. நான் வைத்தேன். பெரிய கல் இல்லை.

இப்போது அந்தக் கடிதத் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான். நீங்கள் விதித்த தண்டனையும் இலேசானது: பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், "இறைவனுக்கும் இந்த மனிதருக்கும் துரோகம் செய்தேன், மன்னியுங்கள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

ஐயா, நாக்கை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் அனுப்பாதீர்கள். அவர் சொன்னது சரியென்றால் அது வெறும் மண். நூறு தடவை சொல்வேன். நான் நம்பியது சரியென்றால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நீங்கள் மூவரும் கற்றவர்கள். செத்தவர்களுக்குக் காது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். உடனே கிளம்புகிறேன்.