மார்க்கரின் சாய்மானம்

இருந்தவர்கள்: தோல் பதனிடும் ஷாப்பின் காவல்காரர் சாமுவேல். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்யும் கோதண்டபாணி. ஆவாரம்பட்டை இடிக்கும் எல்லம்மா. தோலைத் தரம் பிரிக்கும் ஷபீ அஹமது பாய். அப்புறம் நான். அப்போது ராத்திரி வேலையை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.

மழை நிற்கவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, வீட்டுக்குப் போக வழியில்லை. பட்டைக் கிடங்கில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. கோதண்டபாணி ஒரு பேய்க் கதை சொன்னான். புளியமரம், வெள்ளைப் புடவை. எல்லம்மா கொட்டாவி விட்டாள்.

"உன் பேய்க்கு வேற சேலையே இல்லையாடா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஷபீ பாய் சிரிக்கவில்லை. பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். தன்னுடைய தோஸ்த் ஒருவனின் பெரியம்மா வீட்டுக்காரருக்கு நடந்தது என்று ஆரம்பித்தார்.

ராத்திரி இஷா தொழுகை முடிந்து வெகுநேரம். ஆம்பூருக்கு வெளியே ஆற்றை ஒட்டிப் போகும் மண் ரோடு. ஒரு பக்கம் மணல். ஒரு பக்கம் தோல் ஷாப் கழிவு ஓடும் வாய்க்கால். ஆபித் பாஷா தனியாக வீட்டுக்கு நடந்து வருகிறார். பின்னால் ஒரு சத்தம்.

ஒரு காலடி... ஒரு இழுப்பு... ஒரு டொக்.

அவர் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தார். ரோடு காலி. வேப்பெண்ணெய் வாடை மட்டும். வாய்க்கால் நாற்றத்தையும் மீறி அது வந்தது.

ஆபித் பாஷா மரம் கடைபவர். ஊரில் பாதித் தொட்டில் அவர் கடைந்தது. அவர் வீட்டில் தொட்டில் கிடையாது. மனைவி அஃப்ஸர் ஜஹானுக்கு முதல் பிள்ளை, பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் போகும்போதே செத்தது. இரண்டாவது, ரயிலுக்குக் காத்திருந்த பிளாட்பாரத்தில். இப்போது மூன்றாவது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். வலி கண்ட உடனே கொண்டு வரவேண்டும், வண்டியில் குலுங்கக் கூடாது, தாமதமானால் இந்த முறை தாயும் இல்லை.

சுற்று வட்டாரத்தில் மோட்டார் கார் வைத்திருந்தவர் தோல் வியாபாரி நயீம் அகமது சாயபு. அவருக்கு ஒரு பைத்தியம். பில்லியர்ட்ஸ் கோல் சேர்ப்பது.

"அது இன்னா கோலு?" என்றார் சாமுவேல்.

துரைமார் பச்சைத் துணி போட்ட மேஜையில் பந்தை இடித்து விளையாடுவார்களே, அந்தக் கோல் என்றார் பாய். மெஷின் கோல் இல்லை. கையால் இழைத்தது. மேல்பாதி வெள்ளை மரம். அடிப்பாதி கருங்காலி. இரண்டையும் கூர் கூராக வெட்டி, நகம் நுழையாமல் கோத்திருப்பார்கள். நுனியில் ரூபாய் அகலம்கூட இல்லாத தோல் வில்லை. சாயபுவின் பங்களாவில் ஒரு சுவர் முழுக்க அதுதான். உடைந்தவற்றைச் சரி செய்ய ஆபித் பாஷாவைக் கூப்பிடுவார். கோல் பங்களாவை விட்டு வெளியே போகக்கூடாது. பகலில் பட்டறை, ராத்திரியில் பங்களா என்று ஆபித் ஓடினார்.

அந்த வருஷம் வேலூரில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றை மூடினார்கள். ஏலத்தில் சாயபு ஒரு கோல் எடுத்தார். சுவரில் இருந்த எல்லாவற்றையும்விட நல்ல வேலைப்பாடு. ஆனால் வளைந்திருந்தது. லண்டன் தோல் கம்பெனி துரை வருகிறார், அவர் முன்னால் இந்தக் கோலை எடுக்கவேண்டும் என்பது சாயபுவின் ஆசை.

ஆபித் காரைப் பற்றிக் கேட்டார். சாயபு கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி.

"கோல் நேரானா கார் உன்னுது ஆபித். எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சிக்கோ. நேராகலன்னா கார் பேச்சே எடுக்காத."

கோலை மேஜைமேல் உருட்டிப் பார்த்தார் ஆபித். நேரான கோல் மேஜையோடு ஒட்டி உருளும். இது உருளும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வெள்ளை மரத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு கறுப்புக் கறை. உள்ளங்கைக் கறை. பந்தை இடிக்கிறவன் அந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்க மாட்டான். பிடித்தவன் ஆடவில்லை, நின்றிருக்கிறான். இது ஆபித்துக்குப் புரிந்தது. புரிந்தும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கறையை எடுத்துவிட்டார். சாயபுவுக்கு மரம் வெள்ளையாக இருக்கவேண்டும்.

ஈரத்துணி சுற்றி, கரி அடுப்பில் காட்டி, வளைவை எடுத்தார். உருட்டினார். வெளிச்சம் இல்லை. கோலின் அடியில் எடை கட்டி, தரையில் படாமல் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டார். அறையைப் பூட்டிச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் திறந்தால் கொக்கி காலி. எடை தரையில் கிடந்தது. கோல் மூலையில் நின்றுகொண்டிருந்தது. வளைந்து. தேய்த்த இடத்தில் மறுபடியும் கறை. தொட்டால் பிசுபிசுப்பு... வேப்பெண்ணெய்.

மறுபடியும் நேராக்கினார். மறுபடியும் வளைந்தது. கொக்கியோடு கம்பி போட்டு முறுக்கினார். கம்பி அறுபடவில்லை, அவிழ்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ரோட்டில் அந்தச் சத்தம் கூடவே வர ஆரம்பித்தது.

"கோலைக் கடாசிட்டு ஓட வேண்டியதுதானே?" என்றான் கோதண்டபாணி.

"உன் பெண்டாட்டி வயித்துல இருந்தா நீ ஓடுவியா?" என்றாள் எல்லம்மா.

ஆபித் சாயபுவின் டிரைவரைக் கேட்டார். டிரைவர் முன்பு அந்தக் கிளப்பில் வேலை பார்த்தவன். அந்தக் கோலை அவனுக்குத் தெரியும். அது ஒரு துரையின் கோல். துரை சீமைக்குப் போகும்போது மார்க்கரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மார்க்கர் என்றால் ஆட்டத்தில் எண்ணிக்கை சொல்கிற ஆள். பெயர் கண்ணுசாமி. வண்டிச் சக்கரம் ஏறி ஒரு கால் நசுங்கிப் போனவர். துரைமார் ஆடும்போது மார்க்கர் உட்காரக் கூடாது. விடிய விடிய ஆடினாலும் நிற்கவேண்டும். காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, அந்தக் கோலைப் பிடித்து, அதன்மேல் சாய்ந்து நிற்பார்; நடந்தாலும் அதைத்தான் ஊன்றுவார். வருஷக் கணக்காக நின்றார். ஒரு ராத்திரி, எண்ணிக்கை சொல்லவேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. துரைமார் கோபமாகத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணுசாமி கோலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உயிர் எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

"அந்தாளு உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான் பாய்" என்றான் டிரைவர். "சாய்ஞ்சி நிக்கறதுக்கு ஏதாவது வேணும். அவ்ளோதான்."

மறுநாள் லண்டன் துரை வருவதாக இருந்தது. ஆபித் கோலை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தார். அஃப்ஸர் ஜஹானின் தங்கை அக்தரி பேகம் ஆள் அனுப்பினாள். இவள்தான் என் தோஸ்த்தின் அம்மா என்றார் ஷபீ பாய். அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. உடனே வரவேண்டும்.

ஆபித் கோலை மேஜைமேல் உருட்டினார். நேராக உருண்டது. பாதி தூரம் போவதற்குள்... அவர் கண் எதிரிலேயே... நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மரம் முனகியது. பாரம் தாங்குகிற கட்டில் மாதிரி.

அடுப்பைக் காலால் எத்தினார். அழுதார். சாயபுவிடம் ஓடிக் காலில் விழலாமா என்று யோசித்தார். துரை வருவதற்கு முந்தின ராத்திரி விழுந்து பயனில்லை. பிறகு மூலையைப் பார்த்துப் பேசினார். அங்கே யாரும் இல்லை.

"கோலை விட்டுடுங்க. என் மேல சாய்ஞ்சிக்கோங்க. நான் நிக்கறேன்."

அப்புறம் ஒரு காலடி. ஒரு இழுப்பு. இடது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. பாரமாக, ஈரமாக. ஆபித் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கோலை உருட்டினார். மேஜையோடு ஒட்டி உருண்டது. அது அதற்குப் பிறகு வளையவே இல்லை.

சாயபு தானும் உருட்டிப் பார்த்தார். கார் சாவியை டிரைவரிடம் கொடுத்தார்.

பின் ஸீட்டில் அக்காவும் தங்கையும். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஆபித். பள்ளிகொண்டா தாண்டும்போது டிரைவர் முணுமுணுத்தான். கார் இடது பக்கமாகவே இழுக்கிறது, டயரில் காற்று கம்மியோ என்னவோ என்றான். இறங்கிப் பார்த்தான். காற்று சரியாக இருந்தது. மறுபடி ஏறியவன் ஆபித்தின் பக்கம் திரும்பவே இல்லை.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆண் பிள்ளை.

"அப்ப நல்லதாத்தான் முடிஞ்சிது" என்றார் சாமுவேல்.

ஷபீ பாய் அவரைப் பார்த்தார். விளக்கைக் கொஞ்சம் தணித்தார்.

ஆபித் பாஷா வீட்டுக்கு ஒரு தொட்டில் கடைந்தார். கடையும்போதே இடது தோள் இறங்கியிருந்தது. நாளாக நாளாக இன்னும் இறங்கியது. சட்டை ஒரு பக்கம் தொங்கியது. மனைவி கேட்டால், பட்டறை வேலை, சுளுக்கு என்பார். உட்கார மாட்டார். சோறுகூட நின்றுகொண்டேதான். ராத்திரி ஆற்றோர ரோட்டில் வரும்போது பின்னால் சத்தம் கேட்கும். ஒரு காலடி. ஒரு இழுப்பு. டொக் மட்டும் இல்லை.

அக்காவின் பிள்ளைப்பேறு முடிந்து சில மாதமாகியும் அக்தரி பேகம் அங்கேயே தங்கியிருந்தாள். அவள் கண்ணால் பார்த்ததுதான் கதையின் கடைசி. ஆபித் கதவைத் தட்டினார். அஃப்ஸர் ஜஹான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். அவர் ஒருக்களித்து உள்ளே வந்தார். எப்போதும் அவர் நுழைந்ததும் சட்டென்று சாத்திவிடுகிறவள். அன்று சாத்தவில்லை. கதவைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை என்று அக்தரி பேகம் சத்தியம் செய்வாள்.

அஃப்ஸர் ஜஹான் முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். அந்நிய ஆம்பிளை வீட்டுக்குள் வந்தால் மூடுவது மாதிரி. பிள்ளையோடு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். கால் சரியில்லாத ஒருவர் வாசற்படி தாண்ட எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

அப்புறம் கதவைச் சாத்தி, பூட்டினாள்.