முன்னே பார்ப்பவன் சொல்ல வேண்டும்

உள்ளே வருவதற்கு முன் கதவைத் தட்டினீர்கள், ஐயா. முதலில் அதற்கு நன்றி. இது உங்கள் அறை, நான் நீங்கள் பிடித்துவந்து உட்கார வைத்திருப்பவன். தட்ட வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. காலையில் வந்தவர் கதவை உதைத்துத் திறந்து, 'டேய்' என்றுதான் ஆரம்பித்தார். அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்குச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், மெதுவாகப் பேசுகிறேன்.

நான் கண்ணாடி தூக்குகிறவன். கடை முகப்பு, அலுவலகத் தடுப்பு, மாடி ஜன்னல் என்று எங்கே பெரிய கண்ணாடி வைத்தாலும் அதை வண்டியிலிருந்து இறக்கி உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. தனியாளாகச் செய்யமுடியாது, இரண்டு பேர் வேண்டும். கண்ணாடிப் பலகையின் ஒரு முனையில் ஒருவன், மறுமுனையில் ஒருவன். ஒருவன் முன்னோக்கி நடப்பான். மற்றவன் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பான். பின்னோக்கி நடப்பவனுக்கு வழி தெரியாது, அதனால் முன்னே பார்ப்பவன் சொல்ல வேண்டும். 'படி', 'வாசல்', 'இடது பக்கம் திரும்பு', 'நில்லு'. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேஸ்திரி இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பார். இது முதலாவது. கண்ணாடி காலைக் கிழித்தால் காயத்துக்கு மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்க வேண்டும் என்பது இரண்டாவது.

மரியாதை என்று மனிதர்கள் எதை எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து நிற்பது, கைகூப்புவது எல்லாம் வெறும் உடற்பயிற்சி. என்னைக் கேட்டால், எதிரில் இன்னொரு ஆள் இருக்கிறான் என்பதை மறக்காமல் இருப்பதுதான் மரியாதை. கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்துவது. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. இதற்கு ஒரு செலவும் இல்லை. இருந்தும் பத்தில் எட்டுப் பேருக்கு இது வருவதில்லை. வராதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் இரும்பு கேட்டை அறைந்து சாத்துவார். மூன்று முறை போய்ப் பணிவாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான்காவது நாள் அவர் கேட்டின் ஓரத்தில் கைவைத்து, தெருப்பக்கம் திரும்பி யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நானே அதை அறைந்து சாத்தினேன். இரண்டு விரல்களில் எலும்பு நொறுங்கிவிட்டது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதும் நான்தான், போகும் வழியெல்லாம் ஆறுதல் சொன்னேன். காற்றில் அடித்துவிட்டது என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த கேட் இப்போது பூனை நடக்கிற மாதிரி மூடுகிறது.

வேலையிலும் அப்படித்தான். முன்பு என்னோடு தூக்கியவர் திருப்பங்களில் குரல் கொடுக்கமாட்டார். என் முதுகு இரண்டு முறை சுவரில் இடித்தது. கண்ணாடியைப் பிடிக்கும் உறிஞ்சுபிடி ஒன்று உண்டு, ஐயா, ரப்பர் வட்டமும் இரும்புக் கைப்பிடியும் வைத்தது. அதன் இரும்புப் பக்கத்தால் அவர் மூக்கில் ஒரே ஒரு அடி அடித்தேன். மூக்கு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. குரல் கொடுக்கும் பழக்கம் அவருக்கு ஆயுசுக்கும் போகாது. இதில் நட்டம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் நல்லவள். தம்ளரை 'டங்'கென்று வைக்கும் பழக்கம் இருந்தது. ஒருமுறைதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இடது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்காது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே, 'உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு' என்று சொல்லாமல் போனதில்லை.

இனி நெட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆள் என்னைவிட ஒரு தலை உயரம், அதனால் அந்தப் பெயர். பதினொரு வருடம் நாங்கள் ஒன்றாகத் தூக்கினோம். எங்கள் கையில் ஒரு பலகைகூட உடைந்ததில்லை. மேஸ்திரி மற்ற ஜோடிகளைத் திட்டும்போது எங்களைக் காட்டித்தான் திட்டுவார். கலகலப்பானவன், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். எனக்கு நண்பன் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவனிடம் ஒரே ஒரு குறை. நான் பின்னோக்கி நடக்கும்போது அவன் 'படி' என்றால், நான் 'சரி' என்பேன். சொன்னது காதில் விழுந்தது என்று எதிராளிக்குத் தெரிய வேண்டுமல்லவா? அவன் பின்னோக்கி நடக்கும்போது நான் 'படி' என்றால் பதிலே வராது. காலைத் தூக்கி வைப்பான், அவ்வளவுதான். சினிமாக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஒரு முறை கேட்டேவிட்டேன்.

"நான் சொல்றேன்ல, ஒரு சரி சொல்ல மாட்டியா?"

"அதான் நீ சொன்னபடி நடக்கறேனேடா. அப்புறம் எதுக்கு சரி?"

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பின்னோக்கி நடக்கிற எவனும் அவ்வப்போது கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பான். நானே பார்ப்பேன். நெட்டை பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு அலட்சியம். நான் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இருந்தாலும் என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்தேன். எனக்கு அவள் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதுகூட நான்தான். அவள் என் கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும், நெட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்தபோது, இரண்டுக்கும் ஒரே வழியாக இது தோன்றியது. இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். தங்கை பரிமாறினாள். நெட்டை தட்டை நீட்டினான், வாங்கினான், சாப்பிட்டான். நன்றி கிடையாது, 'நல்லா இருக்கு' கிடையாது. நான் ஒவ்வொரு கரண்டிக்கும் நன்றி சொன்னேன். நான்காவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அண்ணா, போதும். எங்க வீட்ல யாரும் யாருக்கும் நன்றி சொல்றதில்ல. தேவைப்படல."

நெட்டையும் சிரித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். 'எங்க வீட்ல' என்றாள், ஐயா. நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்தேன்.

கை கழுவும்போது துண்டை நீட்டியபடி நெட்டை சொன்னான். "மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேற ஊர்ல பட்டறை வேலை கிடைச்சிருக்கு. தூக்கற வேலை இல்ல, உக்காந்து கண்ணாடி வெட்டற வேலை. அடுத்த மாசம் நாங்க கிளம்பறோம்."

எல்லாம் முடிவான பிறகு, துண்டோடு துண்டாக, ஒரு செய்தி. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேன். ஊரை விட்டுப் போவதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை என்பதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்ன விதம்தான் தப்பு. தங்கை அப்படிப்பட்டவனோடு கண்காணாத ஊரில் என்ன பாடுபடுவாள் என்றுதான் யோசித்தேன். அவள் ஒரு குறையும் சொன்னதில்லைதான். என் வளர்ப்பு, சொல்லமாட்டாள்.

திங்களும் செவ்வாயும் வழக்கம்போல வேலை செய்தோம். புதன்கிழமை புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. இரண்டாவது மாடியில் நீளமான நடைவழி, அதன் கோடியில் இடது பக்கம் திரும்பினால் கூடம். திரும்பாமல் நேரே போனால் கீழே இறங்கும் மாடிப்படி. கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. யாரும் போய்விடாதபடி குறுக்கே ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். காலையில் சீக்கிரமே போய் அதை அவிழ்த்துச் சுருட்டி, ஜன்னல் விளிம்பில் ஒழுங்காக வைத்தேன்.

வண்டியில் இரண்டு வகைக் கண்ணாடி இருந்தது. ஒன்று சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது. உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும், கீறல்தான் விழும். இன்னொன்று சாதாரணக் கண்ணாடி. அது உடைந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு கத்தி. முதலில் சாதாரணத்தை இறக்கச் சொன்னது நான். வழக்கமாக அந்த மாதிரி நீள நடையில் நான்தான் பின்னோக்கிப் போவேன். அன்று நெட்டையிடம், "இன்னைக்கு நீ பின்பக்கமா நட, எனக்குக் கழுத்து வலி" என்றேன். "சரி மச்சான்" என்றான். அந்தச் சரியை அவன் வேறு இடத்தில் சொல்லியிருக்கலாம்.

மணி பத்திருக்கும். நடை முழுக்க வெளிச்சம். என் முகத்தைப் பார்த்தபடி அவன் பின்னோக்கி நடந்தான். புது ஊரில் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான், இரண்டு அறையாம், ஒன்றில் நல்ல காற்று வருமாம். கூடம் திரும்பும் இடம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தாண்டினோம். படிக்கு நான்கு அடி இருந்தது, மூன்று அடி இருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அவன் குதிகாலுக்குக் கீழே தரை இல்லாமல் போனபோதுகூடக் கண்ணாடியை விடவில்லை. எங்கள் தொழிலில் விழுகிறவன் முதலில் பலகையைத்தான் காப்பாற்றப் பார்ப்பான், அது கையில் ஊறிப்போன பழக்கம். மற்றவர்கள் சொன்னதை வைத்து நீங்கள் எழுதியிருந்ததைக் கொஞ்சம் முன்பு வாசித்துக் காட்டினீர்கள். 'என் முனையை விட்டுவிட்டேன்' என்று இருக்கிறது. மன்னிக்கவும், அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். விடவில்லை. தள்ளினேன். பலகையின் எழுபது கிலோவையும் நெஞ்சோடு சேர்த்து முழு பலத்தோடு தள்ளினேன்.

எட்டாவது படியில் மல்லாந்து கிடந்தான். பலகை அவன் மேலேயே உடைந்திருந்தது. கையுறையோடு சேர்த்து இடது கையில் இரண்டு விரல் தனியாகக் கிடந்தன. வலது தொடையின் உட்பக்கம் ஒரு முழ நீளத் துண்டு இறங்கி நின்றது. அவன் அசைந்ததில் அது வெளியே வந்தது. அதன் பிறகு ரத்தம் ஒழுகவில்லை, அடித்தது. நாடித் துடிப்புக்கு ஒரு தடவை, சுவர் வரைக்கும். புதுச் சுவர், வெள்ளைப் பூச்சு காயக்கூட இல்லை.

நான் மெதுவாக இறங்கிப் போனேன். அவசரப்பட்டால் நானும் சறுக்கியிருப்பேன். அவனுக்கு இரண்டு படி மேலே நின்று பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மேல்தளத்திலிருந்து ஒரு பெயின்டர் பார்த்ததாக உங்களிடம் சொன்னது உண்மைதான். நான் பெல்ட்டோடு சும்மா நின்றேன்.

நெட்டை என்னைப் பார்த்தான். முதலில் அவன் கேட்டது, "உனக்கு ஒண்ணும் ஆகலயே மச்சான்?" என்றுதான். பதினொரு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட மரியாதையான கேள்வி அது ஒன்றுதான். "இல்லை, நன்றி" என்று பதில் சொன்னேன்.

பிறகு தொடையைப் பார்த்தான். "கட்டுடா" என்றான். "சீக்கிரம் கட்டுடா."

"ஒழுங்கா கேளு" என்றேன். அவனுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், அப்புறம் என்னைக் கூப்பிட்டான். கையை நீட்டி என் கால்சட்டையைப் பிடித்தான், மூன்று விரல்தானே, பிடி நிற்கவில்லை. நான் காத்திருந்தேன். தயவுசெய்து என்று ஒரு சொல் வந்திருந்தால் அந்த நிமிடமே குனிந்திருப்பேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். உதடு வெளுத்து, கண் என் மேலேயே இருக்க, அடங்கிவிட்டான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கீழே போனேன். மேஸ்திரி போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன்.

ஆமாம், ஐயா. நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

தங்கை கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசித்தீர்கள். கல்யாணமான புதிதில் அவள் அவனிடம் கேட்டாளாம், பின்பக்கமாகவே நடக்கிறாயே, பயமாக இருக்காதா, ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கக் கூடாதா என்று. அவன் சிரித்தானாம். 'மறுமுனையில உங்க அண்ணன் இருக்கான். நான் எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?' என்றானாம்.

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருடம், தினமும் எட்டு மணி நேரம், என் முகத்துக்கு நேரே நடந்தவன். இதை ஒரு தடவை என்னிடமே சொல்லியிருக்கலாம். எதிரில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?