பாச்சை உருண்டையும் லோகேந்திரன் ஐயாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் கதிரவேலு அவர்களே, மறைந்த லோகேந்திரன் ஐயாவின் துணைவியார் இராசம்மா அம்மையாரே, கோலா கெத்திலிலிருந்தும் செமிலிங்கிலிருந்தும் தஞ்சோங் டாவாயிலிருந்தும் மழையோடு மழையாக இந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் புஷ்பவள்ளி. கிளினிக்கில் தாதி. உங்களில் பாதிப் பேருக்கு மிஸ்ஸி என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். பதினான்கு ஆண்டுகளாக ஊசி போட்டு உங்கள் பிள்ளைகளை அழ வைத்தவள் நான். இன்று என் முறை. ஐந்து நாளாக அழுது மூக்கும் அடைத்து, தொண்டையும் கட்டிவிட்டது. குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காவது பரவாயில்லை, நம் தலைவரைப் பாருங்கள், நான் மேடையேறியதிலிருந்து முகத்தில் வைத்த கைக்குட்டையை எடுக்கவேயில்லை. அவ்வளவு பழக்கம் அவருக்கும் லோகேந்திரன் ஐயாவுக்கும்.

எனக்கு இருப்பது துக்கம் மட்டுமா? துக்கமும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிது பயம்! ஆம், பெரியோர்களே, எனக்குப் பயமாக இருக்கிறது. லோகேந்திரன் ஐயா போன மறுநாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த ஏழு வீடுகளை இனி நான் பார்க்க வேண்டும். அந்த ஏழு வீட்டிலும் ஏழு கைக்குழந்தைகள்.

அவர் யார்? டாக்டரா? இல்லை. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் கோபம் வந்துவிடும். "நான் லேப்காரன்" என்பார். முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தத்தைப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போனார்கள். இவர் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போனார்.

எதற்காகப் போனார்? நம் நாட்டில் பிள்ளை பிறந்த அன்றே தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஒரு சோதனை செய்கிறார்கள். ஜி6பிடி என்று பெயர். அது குறைவு என்று வந்தால் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதித் தருகிறார்கள். நாமும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம். எத்தனை பேர் அதை வீட்டில் எடுத்துப் படித்தோம்?

ஐயா இதே மண்டபத்தில், இதே இடத்தில் நின்று, ஒரு பால்வெட்டுக் கத்தியைத் தூக்கிக் காட்டி விளக்கினார். எண்ணெய் போட்டு வைத்த கத்தி பளபளவென்று இருக்கும். போடாத கத்தியை நாலு நாள் வெளியே வைத்தால் துருப்பிடிக்கும். இரும்பைத் தின்பது எது? நாம் மூச்சுவிடும் அதே காற்றுத்தான். சிவப்பணு நாள் முழுக்க உயிர்க்காற்றைச் சுமக்கிறது. சுமக்கிற சுமையே அதை அரிக்கவும் பார்க்கிறது. அரிக்காமல் காக்க அணுவுக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. சில பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, அந்தக் காவல் பிறவியிலேயே குறைவு. சும்மா இருக்கும்வரை பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். சில மாத்திரைகள், சில மூலிகைகள், சில வகை அவரை உள்ளே போனால் அணு தாங்காது, உடைந்துவிடும். எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் மோசமானது எது? பாச்சை உருண்டை! துணிப்பெட்டியில் போடுகிறோமே, அந்த வெள்ளை உருண்டை. தின்ன வேண்டியதில்லை. அதன் வாடையும் அது ஊறிய துணியுமே போதும். பிள்ளை வெளுக்கும், மஞ்சளாகும், மூத்திரம் பால் ஊற்றாத கோப்பி-ஓ நிறத்தில் போகும்.

நாமோ என்ன செய்கிறோம்? இருப்பதிலேயே பழைய, மெத்தென்ற சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டில் கட்டுகிறோம். ஆசையில்தான் செய்கிறோம். ஆசைப்பட்டு எடுக்கிற அந்தச் சேலைதான் எத்தனையோ ஆண்டுகள் உருண்டையோடு கிடந்த சேலை!

ஒருமுறை ஒருவர் எழுந்து, நூற்றெண்பது வெள்ளிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சாறு விற்கிறேன், ஒரு பாட்டில் குடித்தால் இந்தக் குறையெல்லாம் தீரும் என்றார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, பிறக்கேக்கையே உள்ளுக்கு இருக்கவேண்டிய காவலைப் போத்தில்ல அடைச்சு விக்கேலாது. நீர் வேணுமெண்டால் அந்தக் காசில ஒரு பிள்ளைக்குப் பழஞ்சேலைக்குப் பதிலாப் புதுத் துவாய் வாங்கிக் குடும்" என்றார். மண்டபமே சிரித்தது. சாறு விற்றவரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் உருண்டை இருந்தால், வாசலில் கால் வைத்ததுமே ஐயாவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். எந்த அறை, எந்தப் பெட்டி என்றுகூடச் சொல்வார். தோட்டத்தில் அவருக்கு மூக்கு டாக்டர் என்றே பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். "என்ர அஞ்சலிக் கூட்டத்தில நல்லதை மட்டும் பேசினால் எழும்பி வருவன்" என்று அவரே மிரட்டியிருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் காளிதாசன் அண்ணனும் சொல்லச் சொல்லிவிட்டார். அதனால் சொல்கிறேன்.

கொரோனா வந்த ஆண்டு ஐயாவுக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்தார். மூக்கு பிழைக்கவில்லை. மல்லிகையும் தெரியவில்லை, மீன் கருகினாலும் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்! மூக்கு டாக்டருக்கு மூக்கு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கோலா கெத்திலில் காளிதாசன் அண்ணனுக்கு மகன் பிறந்து ஐந்தாம் நாள் ஐயா போனார். வழக்கம்போல வாசலில் நின்று மூச்சை இழுத்தார். வீடு சுத்தம் என்றார். தேநீர் குடித்தார், போய்விட்டார். பிள்ளை தூங்கிய தொட்டில், உருண்டையோடு இரண்டு ஆண்டு பெட்டியில் கிடந்த சேலை. ஏழாம் நாள் பிள்ளை மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டது. மருத்துவமனையில் இரத்தம் மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் திவாகரன். இதோ அப்பாவின் மடியில் இருக்கிறான். அந்த மஞ்சள் செவி நரம்பைத் தாக்கியதால் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. நான் சொல்வதில் பாதிதான் அவனுக்குக் கேட்கும்.

வீட்டில் இருந்தவர்களுக்கு வாடை வரவில்லையா? வந்தது. காளிதாசன் அண்ணன் பிறகு சொன்னார்: "ஐயாவே ஒன்னும் இல்லன்னுட்டாரு லா மிஸ்ஸி. அவரு மூக்குக்கு மேல நாம என்னத்தச் சொல்றது?"

அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, எனக்கு ஒண்டும் மணக்குதில்லை, எட்டு மாசமா மணக்குதில்லை" என்று சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. காளிதாசன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று அந்தக் குடும்பத்திடமும் அதையே சொன்னார். மன்னிப்பும் கேட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி வாசலில் போய் நிற்போம்?

அன்றிலிருந்து அவர் வேலை செய்யும் முறை மாறியது. "மூக்கை நம்பாதை. கேள். கேட்டபிறகும் பெட்டியைத் திற" என்பார். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் திறக்கச் சொல்வார். உங்கள் சேலை மணக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது நம் ஊரில் லேசான காரியமா? நாகரிகம் பார்த்து எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். அந்த நாகரிகத்தைத்தான் ஐயா கடைசிவரை திட்டினார்.

அந்த ஏழு வீட்டில் அவர் கடைசியாகப் போனது செமிலிங்கில் மேனகாவின் வீடு. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. நாலு பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். அந்த மேனகாவும் வந்திருக்கிறாள். நாற்பது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறப்புக் கூட்டத்துக்குப் போவாயா என்று வீட்டில் தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறாள். வாசலில் பிள்ளையை நான்தான் வாங்கிக்கொண்டேன். கூட்டம் தொடங்கும்வரை என் தோளிலேயே தூங்கினான். குளிர்சாதனம் நேரே அடித்ததால் என் முந்தானையால் போர்த்தி, மழைக் காற்றுக்காகக் கதவுகளையும் சாத்தச் சொன்னேன். இந்த வெள்ளைச் சேலை நான் அடிக்கடி கட்டுவதில்லை. போன ஆண்டு சித்தி இறந்தபோது கட்டியது. இன்று காலை அம்மாதான் பெட்டியிலிருந்து எடுத்து...

பெட்டியிலிருந்து.

மன்னிக்கவும். ஒரு நிமிடம்.

தலைவர் அவர்களே, நீங்கள் ஏன் மூக்கைப் பொத்தியிருக்கிறீர்கள்? அழுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கண்ணில் ஈரமே இல்லையே! உண்மையைச் சொல்லுங்கள். என் சேலை மணக்கிறதா?

ஐயோ.

ஆமென்று தலையை ஆட்டுகிறார். நான் மேடையேறியதிலிருந்து தெரிந்திருக்கிறது அவருக்கு. நாகரிகம்!

ஐயாவோடு போய் ஊர் வீட்டுப் பெட்டியை எல்லாம் திறந்தேனே, என் அம்மாவின் பெட்டியை ஒருநாளாவது திறந்தேனா? காலையில் ஒரு வார்த்தை கேட்டேனா? மூக்கு அடைத்திருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ஐயா செய்த அதே தப்பு. அவருக்காக அழுது அழுதே அதைச் செய்திருக்கிறேன்.

மேனகா, எங்க இருக்க? எழுந்திரும்மா. இல்ல, இங்க வராத! என்கிட்ட வராத. புள்ளைய வெளிய காத்தோட்டமா கொண்டு போ. போட்டிருக்கிற சட்டை, தொப்பி எல்லாத்தையும் கழட்டு. வெதுவெதுப்பான தண்ணியில தொடச்சு, உன் பையில இருக்கிற வேற துணியப் போடு. கழட்டினத ஒரு பிளாஸ்டிக் பையில கட்டித் தூர வை. நேரா மருத்துவமனைக்குப் போ. புத்தகத்தக் காட்டு, ஜி6பிடின்னு சொல்லு, பாச்சை உருண்டைச் சேலைக்குள்ள அரை மணி நேரம் இருந்தான்னு சொல்லு. யார் போர்த்தினதுன்னு கேட்டா என் பேரச் சொல்லு. இன்னிக்கு ஒன்னும் தெரியாது. மூனு நாள் பாக்கணும். மூத்திரத்தப் பாரு, நெறம் மாறினா ஒரு நிமிஷம் நிக்காத.

யாரிடம் கார் இருக்கிறது? காளிதாசன் அண்ணே, நீங்களா? உங்க சட்டை பெட்டியில இருந்ததா? என்ன சொன்னீங்க? கொடியில காஞ்சதா? நாலு வருஷமா அந்த உருண்டை வீட்டுக்குள்ளயே வரலையா? போங்கண்ணே. மெதுவாப் போங்க, மழை பெய்யுது. திவாகரனை இராசம்மா அம்மையார் வைத்துக்கொள்வார்.

நான் கூட வர முடியாது. இந்தச் சேலையோடு அந்தக் காரில் ஏற முடியாது. இங்கேயே நிற்கிறேன்.

பெரியோர்களே, ஒன்றும் ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. ஐயா இருந்தால் சொல்லியிருப்பார். அவருடைய பணியைத் தொடர்வோம் என்று முடிக்கத்தான் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி வந்தவர்கள் கை தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், நான்தான் முதல் கை.

இத்தனை கைகளா!

மற்ற ஆறு பிள்ளைகளின் வீட்டாரும் இங்கே இருக்கலாம். கை தூக்கியவர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடாதீர்கள். எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லப்போகிறார் தலைவர். வேண்டாம் தலைவரே. இந்தக் கூட்டத்தில் இனி யாரும் மௌனமாக இருக்க வேண்டாம். என் துணி மணக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், இப்போதே கேளுங்கள். யாராவது போய் அந்தக் கதவுகளைத் திறந்துவிடுங்கள்.