யானை வந்துச்சான்னு கேக்குற கம்ப்யூட்டரு

ஓசியாம்ணே! ஓசி புரோகிராமாம்! போடியில ஒருத்தனுக்காவது வெளங்குதா? செத்த தள்ளி உக்காருங்க... குரங்கணி வரைக்கும் ஜீப்பு இப்படித்தான் குலுக்கும். நாந்தாண்ணே கோட்டைச்சாமி. ஏலக்காய் ஏலக் கம்பெனியில கம்ப்யூட்டர் சோலி. எவரும் சொல்லித் தரல, நானே புஸ்தகத்தப் பாத்துப் பாத்துப் படிச்சேன். மூட்டைக்கு மூட்ட சீட்டு அடிக்கிற புரோகிராம் இருக்கே, எந்தத் தோட்டம், என்ன தரம்னு... அது நான் எழுதுனது.

மதுரையில ஒருத்தர் ஒரு தாளு குடுத்தாரு. அமெரிக்காவுலருந்து வந்ததாம். புரோகிராமத் தெறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். வாங்குனவன் மட்டும் பூட்டு போடக் கூடாது. அம்புட்டுத்தான். கண்ணுல தண்ணி வந்துருச்சுண்ணே எனக்கு! என் புரோகிராமையும் அதே மாதிரி விட்டு, இதுக்குப் பேரு சுதந்திரப் புரோகிராம்னு போறவன் வாறவனுக்கெல்லாம் சொன்னேன். தேவாரம் ஊருல சீட்டு அடிக்கிற திருப்பதிங்குற பயகிட்ட அம்பது ரூவா வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தேன். "ஓசின்னீகளே"ங்குறான். ஏண்டா, நா எப்படா ஓசின்னேன்? காசு வாங்குறது வேற, கையக் கட்டிப்போடுறது வேறடா! நல்லாத் தலைய ஆட்டுனான்.

ஆட்டிட்டு என்ன செஞ்சான்? தெறந்து மாத்திப்புட்டான்! மூட்டைக்கு மூட்ட "யானை வந்துச்சா, எத்தன?"ன்னு கேக்குது. பதில் சொல்லாட்டிச் சீட்டு வராது. "எங்க பக்கம் வருதுல்ல"ங்குறான். குரங்கணி ஏலக்காய் ஸ்டோர்ல சீட்டு எழுதுற பொண்ணு பொன்னுமணி அதுக்கும் மேல. அது மாத்துனது "சாப்ட்டாச்சா?"ன்னு கேக்கும். இல்லைன்னு தட்டுனா அரை மணி நேரம் அசையாதுண்ணே!

போன வாரம் ஏலத்துல, தேவாரத்து மூட்டையச் சத்தம்போட்டுப் படிக்கிறாக... "தரம் ஒண்ணு, யானை ரெண்டு." எல்லாரும் சிரிச்ச சிரிப்பு! ஒரு யேவாரி யானையவும் சேத்து வெல கேட்டாருண்ணே! எனக்குக் கோவம் வராதா? அத்தன பேரு முன்னால பொன்னுமணிய, பாவம், அது மாத்துனது யானையப் பத்திக்கூடக் கேக்கல... கண்டபடி ஏசிப்புட்டேன். "ஒங்கள யாரு மாத்தச் சொன்னா?"ன்னு. அது ஒரே வார்த்த கேட்டுச்சு: "நீங்கதானண்ணே?"

அன்னைக்கு ராவோட ராவா... என் புரோகிராமுக்கு ஒரு பூட்டு போட்டேன். ரகசிய வார்த்த. உள்ள எழுதுனதையும் அழிச்சுப்புட்டேன், ஒருத்தன் தெறக்கக் கூடாது!

என்ன பாக்குறீக? ஆமா, நாந்தேன்.

அந்த ரகசிய வார்த்த மறந்துபோச்சுண்ணே. மூணு நாளாத் தட்டுறேன். கொலசாமி பேரு, பொண்டாட்டி பேரு, மாட்டுப் பேரு... ம்ஹூம். விடிஞ்சா ஏலம். எரநூறு மூட்டைக்குச் சீட்டு இல்லேன்னா, மொதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. திருப்பதி வெளியூரு போயிட்டான். இனி பொன்னுமணிட்டதான் இருக்கு, நா எழுதுனது.

எந்த மொகத்தோட கேப்பேன்? அண்ணே... நீங்க போயிக் கேளுங்களேன். ஒரு பிளாப்பியில போட்டுக் கொண்டாங்க, நா மரத்தடியில நிக்கிறேன். நீங்க யாரு, எவருன்னு கேக்காமலே குடுத்துரும்ணே. யாருக்கு வேணும்னாலும் குடுக்கும். அதாண்ணே சுதந்திரம்! அத நாந்தாண்ணே சொல்லிக்குடுத்தேன்...

அண்ணே, எங்க எறங்குறீக? ஏப்பா டிரைவரு, நிறுத்து! அண்ணே, ஊரு இன்னும் வரல... அது காடுண்ணே!