கம்பளி மாற்றி ஆடிய ஆட்டம்

முத்துப்பேச்சி: கைய எடு இன்பமேரி. நான் பாறை நிரைக்குத்தான் போவேன்.

இன்பமேரி: யக்கா, ஆஸ்பத்திரியில கெடந்துட்டு நேத்து கடைசி பஸ்ஸுல வந்து எறங்குன ஆளு நீங்க. காய்ச்சல் விட்ட காலு இன்னும் வெடவெடங்குது. அந்தச் சரிவுல, பாறையோரத் தேயிலை வரிசையில ஏறி நின்னு எல கிள்ளிருவீங்களா?

முத்துப்பேச்சி: கிள்ளுவேன். முடியலேன்னா உருண்டு கீழ வாரேன். ஒனக்கென்ன?

செபமாலையம்மாள்: உருண்டா நேரா என் அடுப்பங்கரையிலதான் வந்து விழுவ. கட்டன்சாயா இருக்கு, குடிச்சிட்டு மறுபடி ஏறலாம்.

முத்துப்பேச்சி: சிரிக்க வைக்காதீங்கக்கா. ஒங்க முழங்கால் ரெண்டும் பூசணிக்கா மாதிரி இருக்கு. நீங்க பாறை நிரைக்கு. நான் ரோட்டோரமா சமதரையில, தொரைசானி மாதிரி. இது என்ன நியாயம்?

செபமாலையம்மாள்: ஆட்டத்து நியாயம். ஞாயித்துக்கெழம தாயத்துல யாரு மொதல்ல காயெல்லாம் நடுவீடு சேத்துப் பழமெடுக்காளோ அவளுக்கு அந்த வாரம் ரோட்டு நிரை. அடுத்தவளுக்கு நடு நிரை. தோத்தவளுக்குப் பாறை. நாம மூணு பேரும் சேந்து வச்ச முறைதான? சூசையப்பன் கங்காணியும், நிரைய நீங்களே பிரிச்சுக்கிடுங்க, எனக்கு எல எறங்குனா போதும்னு ஒதுங்கிட்டாரு.

முத்துப்பேச்சி: நேத்து நான் ஆடவே இல்லியே.

இன்பமேரி: ஒங்க கைய நான் ஆடுனேன்க்கா.

முத்துப்பேச்சி: அதத்தான் கேக்கேன். ஒன் கையும் நீயே, எங்கையும் நீயே. ரெண்டு கைக்கும் ஒரே மூளை. எதுத்தாப்புல இவங்க ஒத்தையா... ரெண்டு பேரு சேந்து ஒருத்திய அமுக்குன மாதிரில்ல இருக்கு.

இன்பமேரி: யாரு, நானா? பெரியம்மா என்னைய மூச்சு விட விட்டாங்களான்னு கேளுங்க.

செபமாலையம்மாள்: விடுவனா? ஆளில்லாத கைக்குப் பாறை நிரைன்னு நம்ம முறையில இருக்கு. ஆளு வருது, கையும் ஆடட்டும்னு நாந்தான் இவள ஆடச் சொன்னேன். ஆனா சட்டம் போட்டுட்டுத்தான் கட்டமே கீறுனேன். தன் கைக்கு இந்தப் பக்கம் உக்காரணும், ஒங்கைக்கு அந்தப் பக்கம். எடம் மாறணும். கம்பளியும் மாறணும்.

முத்துப்பேச்சி: கம்பளியா?

இன்பமேரி: ஒங்க வீட்டுக் கொடியில கெடந்த கம்பளிதான். அதப் போத்துனா நான் முத்துப்பேச்சி, கழட்டுனா இன்பமேரி. போத்தியிருக்கயில இன்பமேரிக்கு நல்லது நெனச்சா ஆட்டம் செல்லாதுன்னுட்டாங்க.

செபமாலையம்மாள்: போத்துன ஒடனே ஒன்ன மாதிரியே மூக்க உறிஞ்சுதா. புளியங்கொட்டைய உள்ளங்கையில வச்சு ஊதி ஊதி...

முத்துப்பேச்சி: நான் எங்க ஊதுதேன்?

இன்பமேரி: ஊதுவீங்க. மாரியாத்தா மாரியாத்தான்னு மொணங்கவும் செய்வீங்க. நானும் மொணங்குனேன். வார ஞாயித்துக்கெழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல இத எப்படிச் சொல்லன்னே தெரியல.

செபமாலையம்மாள்: கம்பளி சொல்லுச்சுன்னு சொல்லு.

முத்துப்பேச்சி: சரி... எடம் மாறுனா, கம்பளி மாறுனா. தன் காய எங்காய்க்கு முன்னால கொண்டு போய் நிறுத்தி வெட்டு குடுத்திருப்பாளே. அத யாரு தடுத்தா?

செபமாலையம்மாள்: அதுக்கும் சட்டம் உண்டு. இவ ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு வெட்டக் கூடாது.

இன்பமேரி: ஒரு தடவ என் காய் ஒங்க காய்க்கு நேர் எதுக்க நின்னுச்சுக்கா. விழுந்ததும் சரியா விழுந்துச்சு. பெரியம்மா ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. வெட்டாம அடுத்த காய நகட்டிட்டேன்.

முத்துப்பேச்சி: அப்ப எனக்கு ஒண்ணு புரியல.

செபமாலையம்மாள்: புரிய வேண்டாம். கூடையக் கட்டு, பனி விலகுது.

முத்துப்பேச்சி: இருங்கக்கா. ஒரு வெட்டாவது வெட்டாம காய் உள்கட்டத்துக்குப் போவாது. எங்காய் உள்ள போயி மொத ஆளா பழமெடுத்திருக்கு. யார வெட்டுச்சு?

இன்பமேரி: எங்கூடைக் கயிறு எங்க போச்சு...

முத்துப்பேச்சி: இவ காய வெட்டக் கூடாது. அப்பொறம் மிச்சம் யாரு?

செபமாலையம்மாள்: எங்காயத்தான். அதுக்கென்ன இப்ப?

முத்துப்பேச்சி: ஒங்க காயா? நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததுலருந்து ஒங்க காய் வெட்டவெளியில நின்னு பாத்ததில்ல. ஒருத்தரும் வெட்ட முடியாத மலைக் கட்டமாப் பாத்து, மலைக்கு மலை தாவுற ஆளு நீங்க.

செபமாலையம்மாள்: வயசாகுதுல்லா. கண்ணு மங்குது.

முத்துப்பேச்சி: அரிசியில கெடக்க கல்லு மட்டும் தெரியும். என்ன விழுந்துச்சு ஒங்களுக்கு?

செபமாலையம்மாள்: ரெண்டு.

முத்துப்பேச்சி: மலைக்கு எத்தன வேணும்?

செபமாலையம்மாள்: மூணு. ஒண்ணு கொறஞ்சு போச்சு, ஒங்காய்க்கு முன்னாலயே போய் நின்னுட்டேன். விழுறதுதான விழும்? போன ஆடி மழையில எனக்கு ரோட்டு நிரை வந்துச்சு, நீ தோத்துப் பாறைக்குப் போன. அன்னைக்கு நான் இப்படி வக்கீல் மாதிரி கேள்வி கேட்டனா?

முத்துப்பேச்சி: அது... ஒங்க கைராசி. அத எதுக்கு இப்ப இழுக்கீங்க? ஏட்டி இன்பமேரி, நீ என்ன இருமுத?

இன்பமேரி: பனிக்கா.

முத்துப்பேச்சி: இவங்களுக்கு ரெண்டு விழுந்தத நீ பாத்தியா?

இன்பமேரி: பாத்தேன். மூணு கொட்ட கெடந்துச்சு. ஒரச்ச வெள்ளப் பக்கம் ரெண்டு, கருப்பு ஒண்ணு.

முத்துப்பேச்சி: மூணு கொட்டையா? நாம நாலு புளியங்கொட்டையிலதான ஆடுதோம்?

செபமாலையம்மாள்: ஏளா, கங்காணியோட ட்ரான்சிஸ்டர் சத்தம் வளைவுல கேக்குது...

முத்துப்பேச்சி: பாட்டு முடிஞ்சுதான் வருவாரு. நாலாவது கொட்ட எங்க?

இன்பமேரி: எனக்கெப்படித் தெரியும்? அடுத்து ஒங்க கை. நான் கம்பளிய எடுத்து உதறிக்கிட்டு நின்னேன். போத்தி முடிக்கங்குள்ள பெரியம்மா கொட்டைய வாரி என் கையில தந்துட்டாங்க.

முத்துப்பேச்சி: சேசு மேல ஆணையா சொல்லுங்கக்கா. ரெண்டுதானா?

செபமாலையம்மாள்: ஆணையிடக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு.

முத்துப்பேச்சி: நல்ல நேரம் பாத்து வேதம் ஞாவகத்துக்கு வருது.

இன்பமேரி: சொல்லிருதேன் பெரியம்மா, என்னால முடியல. ஆட்டம் முடிஞ்சு இவங்க எந்திரிச்சப்ப பாத்தேன்க்கா. காலுக்கு அடியில, சேலைக் கரை கெடந்த எடத்துல மண்ணுல ஒரு கொட்டத் தடம். வெள்ளப் பக்கம் மேல இருந்திருந்தா மூணு. ஆனா நான் ஒங்க கைக்கு ஓரவஞ்சன பண்ணல. வெட்டுறதுக்கு ஒண்ணு, தாயம் வேணும். மாரியாத்தா புண்ணியத்துல அது நெசமாவே விழுந்துச்சு.

முத்துப்பேச்சி: அட... ரெண்டு கை ஆடுனவ சுத்தம். காவலுக்கு உக்காந்தவங்க கள்ளாட்டம். எடம் மாத்தி, கம்பளி மாத்தி அம்புட்டுச் சட்டமும் இவளுக்குத்தானா?

செபமாலையம்மாள்: சட்டம் ரெண்டு கை வச்சிருக்கவளுக்கு. எனக்கு ஒத்தக் கைதான.

முத்துப்பேச்சி: எனக்குப் பிச்சை போட்டிருக்கீங்க.

செபமாலையம்மாள்: எந்நிரைய வாங்கிக்கோன்னு குடுத்திருந்தா அது பிச்சை. நீயும் வாங்கியிருக்க மாட்ட. ஆட்டத்துல வந்தா மறுக்க முடியாதுன்னு நெனச்சேன்.

முத்துப்பேச்சி: கஞ்சித் தூக்கோட பஸ் ஏறி ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. அதுக்கே நான் என்ன செய்யப் போறேன்னு தெரியாம முழிக்கேன். அதுக்கு மேல இதுவுமா?

செபமாலையம்மாள்: கேளு. லேசான வேலன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாலும் தோட்டத்துல லேசான வேல எங்க இருக்குன்னு சூசையப்பன் சனிக்கெழமையே பொலம்பிட்டாரு. இந்த வாரம் ஒன் எல எடைக்கு வரலேன்னா பேர எடுத்துருவாங்க. பேரு போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போவும். அப்பொறம் நான் யாருகூட தாயம் ஆட? இவகூடயா? இவ கம்பளி இல்லாம ஆடத் தெரியாதவ.

இன்பமேரி: நல்லா இருக்கே.

முத்துப்பேச்சி: ஒங்க காலு?

செபமாலையம்மாள்: ஒரு வாரம் தாங்கும்.

இன்பமேரி: நடு நிரைய வெரசா முடிச்சிட்டு நான் மேல ஏறிருவேன்க்கா. பாறை நிரையில பாதி நான் கிள்ளிருதேன்.

முத்துப்பேச்சி: இதுவும் பேசி வச்சதா?

இன்பமேரி: இல்ல. இப்பத்தான் தோணுச்சு.

முத்துப்பேச்சி: இந்தப் பனி வேற... மூக்கு ஒழுகுது.

செபமாலையம்மாள்: மூக்க உறிஞ்சாத. கம்பளி போத்தி இவ உறிஞ்சுனது கொஞ்சம் கூடுதல்னுல்ல நெனச்சேன்.

முத்துப்பேச்சி: நல்லா இருப்பீங்க ரெண்டு பேரும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. வருசக்கணக்கா ஒரு கட்டம் பெசகாம ஆடுன ஆளு... விழுந்த கொட்டைய சேலைக் கரையில மூடி, மூணை ரெண்டாக்குற வித்தைய யாருகிட்ட படிச்சீங்க?

செபமாலையம்மாள்: ஒங்கிட்டத்தாம்ளா. போன ஆடி மழையில, எங்காலு வீங்கிக் கெடந்தப்ப... நான் பாக்கலேன்னா நெனச்ச? கூடைய மாட்டிக்கிட்டு ரோட்டு நிரையில போய் நில்லு.